காசு வாங்காத பஸ்

பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் விடுவது அவர் தொழில். தெருவுக்கே அவர் வேன்காரம்மா. புருஷன் போன பிறகு அந்த வேனை ஓட்டித்தான் ஒரே மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது.

மகள் வற்புறுத்தி வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்போது அங்கேதான் இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பந்திகள் இருவருக்கும் நடுவே 'வாங்க, சாப்பிடுங்க' என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

ஒருநாள் சின்னவர்கள் வேலைக்குப் போன பிறகு இருவரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். செலவுக்கு மகள் கொடுத்த கார்டை வேன்காரம்மா வீட்டிலேயே வைத்துவிட்டார். சொந்தச் சேமிப்பை அந்த நாட்டு நோட்டாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பஸ்ஸில் ஏறி முதல் ஆளாக நோட்டை நீட்டினார். டிரைவர் தலையை ஆட்டி மெஷினைக் காட்டினார். அந்த பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்களாம். சம்பந்தியம்மா தன் கார்டை இரண்டு தடவை தட்டினார், வேலை முடிந்தது. டீக்கடையிலும் அதே கதை, படகுத்துறையிலும் அதே கதை. நோட்டை நீட்டுவதும் மடக்குவதுமாக வேன்காரம்மாவுக்குக் கை ஓய்ந்துபோனது. படகில் சம்பந்தியம்மா வேடிக்கை பார்த்த சமயம், அவருடைய பைக்குள் மெல்ல நோட்டைத் திணிக்கப் பார்த்தார்.

"திருடன்கூட பையில கை விட்டு எடுக்கத்தான் செய்வான். நீங்க போடுறீங்களே" என்றார் சம்பந்தியம்மா.

மத்தியானம் ஒரு சந்தைக்குப் போனார்கள். சம்பந்தியம்மாவின் கண் ஒரு சிவப்புத் தொப்பியில் விழுந்தது. விற்ற கிழவரிடம் மெஷின் இல்லை. வேன்காரம்மா பாய்ந்து நோட்டைக் கொடுத்தார். கிழவர் அதை வாங்கி மடித்து வைத்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் கார்டைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. பல தடவை தட்டிவிட்டால் பாதுகாப்புக்காக கார்டின் ரகசிய பின் நம்பரைக் கேட்குமாம்; நாள் முழுக்கத் தட்டியதில் மெஷின் அதைக் கேட்டது. சம்பந்தியம்மாவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. இருவரும் இறங்கிவிட்டார்கள். மகனுக்குப் போன் போடலாம் என்றார் அவர். வேலையில் இருக்கும் பிள்ளையை ஏன் பதறவைக்க வேண்டும் என்று சொல்லி, வேன்காரம்மா ஒரு டாக்ஸியை நிறுத்தி நோட்டைக் காட்டினார். டிரைவர் சரியென்றார். ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் போய் முன்கதவைத் திறந்தால், அந்த நாட்டில் ஸ்டீயரிங்கே அங்கேதான் இருந்தது. இந்த அம்மா தன்னை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கப்போகிறாரோ என்று டிரைவர் மிரண்டு பார்த்தார். பின் சீட்டில் சிவப்புத் தொப்பியோடு சம்பந்தியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேன்காரம்மாவும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பிச் சிரிப்பு அடங்கியதும் சம்பந்தியம்மா கேட்டார்: "நானே எல்லாத்துக்கும் குடுத்தது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"வயிறு எரிஞ்சுது" என்றார் வேன்காரம்மா, உள்ளதை உள்ளபடி.

"எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் என் சம்பளம் அவர் கைக்குத்தான் போகும். ஒரு பஸ் டிக்கெட்கூட நானா எடுத்ததில்ல. இன்னொருத்தருக்குச் சேர்த்து எடுத்தது இன்னைக்குத்தான்."

வேன்காரம்மா ஒரு நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியைப் பைக்குள் வைத்தார். பிறகு, "இந்த டாக்ஸி என்னோடது. நாளைக்கும் பஸ்ஸுக்கு நீங்களே எடுங்க" என்றார்.

ராத்திரி மகன் பின் நம்பரைச் சரிசெய்து கொடுத்தான். மறுநாள் பஸ்ஸில் சம்பந்தியம்மா கார்டைத் தட்ட, வேன்காரம்மா நேராகப் போய் ஜன்னலோரம் இடம் பிடித்தார். டீக்கடையில் ஒரு டீ குடித்து முடித்ததும், "இன்னொண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டும் வாங்கிக்கொண்டார்.