வாய் திறக்காத நரித்தலைச் சாமி

முதலிபாளையத்துத் தையல் அறையில் இருப்பது மூணே பேர்: நான், ஆட்டோக்காரர் பழனிசாமி, பொம்மை தைக்கிற செல்வியக்கா. பழைய எகிப்து சாமிகளை இன்னும் கும்பிடுகிற ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். அவர்களுக்கு அனுப்ப, சென்னையிலிருக்கும் என் மச்சான் ஒரு பொம்மை வாங்கிவரச் சொல்லியிருக்கிறான். பனியன் துணியில் செய்தது. மனுச உடம்பு, கறுப்பு நரித்தலை. வாயைத் தைத்து மூடியிருக்கிறது. செய்வினையோ என்று ஓரடி தள்ளியே நிற்கிறேன்.

"ஏனுங்க்கா, வாய எதுக்குத் தைச்சிருக்கீங்க?"

"வாங்கறவங்க ஊட்டுல பூசை பண்ணித்தான் தொறப்பாங்களாமுங்க. நம்ம சாமி சிலைக்குக் கண்ணு தொறக்கறாப்பலதானுங்க."

"என்ன சாமிங்க இது?"

"செத்தவங்களுக்கு வழி காட்டுற சாமிங்க."

"அப்ப உங்களுக்கு நல்ல வழித்துணைங்க!" என்று ஆட்டோக்காரர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள்.

சென்னை ரயிலில், பொம்மை வைத்த அட்டைப்பெட்டியைக் காலடியில் வைக்க மனசு வரவில்லை, மடியில் வைக்கவும் பயம். செருப்பைக் கழற்றிவிட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். ஊத்துக்குளி தாண்டும்போது பெட்டியிடமே வேண்டுகிறேன்: பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதீங்க, பதினொரு ரூபாய் காணிக்கை போடுறேன்.

ஈரோட்டில் போன் வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டதாம். மாத்திரையாகவும் இருக்கும். ஆனாலும் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு விளையாட முடியுமா? இந்தச் சாமிக்கு எங்கே உண்டியல் இருக்கிறதென்றுதான் தெரியவில்லை.

பாக்கி பதினொரு ரூபாய்.