குப்பை வண்டியின் மெட்டு

தென் தைவானின் சிறுநகரம் ஒன்றில் இசை வகுப்பு நடத்திவந்த குவோ ஸூலான் இரண்டு சிம்பொனிகள் எழுதினாள். பெண் எழுதியது என்று எந்த இசைக்குழுவும் அவற்றைத் தொடவில்லை. பியானோ பழகும் பிள்ளைகளுக்காக அவள் போட்ட சின்ன மெட்டை மட்டும் நகராட்சி கேட்காமலே எடுத்து, குப்பை வண்டியில் ஒலிக்கவிட்டது. நிறுத்தச் சொல்லி அலுவலகத்துக்கே போனாள்.

"டீச்சர், ஊரே உங்க பாட்டக் கேட்டுத்தான் ஓடி வருது! வேறென்ன வேணும்?" என்று சிரித்தார் அதிகாரி.

"ஓடி வர்றது பாட்டுக்கா, நாத்தத்துக்கா? கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுங்க."

"மெட்ட மாத்தினா ஜனங்க குழம்பிடுவாங்க, டீச்சர்."

அன்று மாலை மெட்டு கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி போய்விட்டது. குப்பையைத் தெருவில் வைத்தால் அபராதம். புது சிம்பொனி எழுத உட்கார்ந்தால், வீட்டிலேயே தங்கிவிட்ட மீன்கழிவின் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மறுநாள் மெட்டு கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு அவளும் ஓடினாள்.