சேமிக்காத நேரலை

ராஜபாளையத்தில் நான் பார்ப்பது கேமராக் காட்சிகளை இணையத்தில் ஏற்றிச் சேமிக்கும் கிளவுட் வேலை. அப்பா இறந்த அன்று, எல்லையில் ராணுவத்தில் இருக்கும் தம்பி நேரலையில் பார்க்கட்டும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் ஒரு கேமராவை வைத்தேன். கோட் எழுதிப் புதிய வீடியோ ஸ்ட்ரீம் உருவாக்கினேன். எத்தனை மணி நேரம் சேமிக்க வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். சாவு வீட்டை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள்?

சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் தம்பி அழைத்தான்.

“இங்க டவரே இல்லண்ணே. இப்பத்தான் கெடச்சுது. வீடியோவ அனுப்பு.”

சேமிக்கவில்லை என்றேன்.

“சரி விடுண்ணே. எப்பவும் போல அப்பா பஸ் ஸ்டாண்டுல நிப்பாகன்னு நெனச்சுக்கிட்டே வாரேன்.”

விடுப்பில் அவன் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நான் நின்றேன். இறங்கியதும் அவன் கண்கள் என்னைத் தாண்டித்தான் தேடின.