ஏரி வழிந்த அன்றைக்கு அப்பா வந்தார்

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் என்னைக் கேட்டிருந்தால், சேரப்பணஞ்சேரி மனுஷர் வாழ லாயக்கில்லாத ஊர் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். நான் கோயம்புத்தூர்க்காரி. குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டும் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த இடத்தில் தண்ணீர் உப்புக் கரித்தது, மின்விசிறி அனலை அள்ளி முகத்தில் கொட்டியது. சாயங்காலம் காலாற நடக்க ஏரிக்கரை ஒன்றுதான் உண்டு. ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். "இதான் எங்க ஏரி" என்று என் கணவர் பெருமையாகக் காட்டியபோது அவரை அதற்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது. தள்ளினாலும் நனைய மாட்டார்.

ஆடிக்குப் பிறந்த வீடு போனேன். அப்பா மட்டும்தான் அங்கே. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா மடியில் தலைவைத்து ஒரு பாட்டம் அழுதேன்.

"அழுவாத கண்ணு. மாப்பிள்ளைக்கு இங்கயே ஒரு வேலை பார்த்தர்றேன்" என்றார். சொன்னது போலவே மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் பேசியும் முடித்துவிட்டார். தீபாவளி கழிந்ததும் தானே நேரில் வந்து எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அதற்குள் ஐப்பசி பிறந்து தொலைத்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை! உப்புத் தண்ணீர் கூட இனிக்கிற மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி. தினமும் ஊரே ஏரிக்கரைக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது போல "எவ்ளோ ஏறிக்கீது?" என்று விசாரித்துவிட்டு வரும். கரையில் சுடச்சுட வேர்க்கடலை விற்றார்கள். நான் காலையிலும் போனேன், மாலையிலும் போனேன். புதுச்சேலை கட்டிக்கொண்டுகூடப் போனேன். என்னைப் பிடித்த பைத்தியம் எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனால், அழுது கேட்டவள் நான். எந்த முகத்தோடு அப்பாவிடம் வேண்டாம் என்பது?

ஒரு காலை, கையில் குடையும் பையுமாக அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். காபி டம்ளரை அவர் கையில் கொடுக்கக்கூட இல்லை, தெருவில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடினான்.

"கலங்கல் போவுதுடோய்!"

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையின் ஓரத்தில் கட்டியிருக்கும் தாழ்ந்த கல்சுவர்தான் கலங்கல். அது வழிந்தால் அன்றைக்கு ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வேலைக்கும் போக மாட்டார்கள். ஒரகடம் சாலையில் சின்னப் பட்டறை ஒன்றில் என் கணவர் சூப்பர்வைசர். காலை ஷிப்டுக்குப் போனவர் சிரித்தபடி திரும்பி வந்தார். "லைன்ல பாதிப் பேருக்கு வயித்துவலியாம். நானும் வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

குடையும் கையுமாக நின்ற அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடினோம். கலங்கலில் தண்ணீர் வெள்ளைச் சேலையாய்ச் சரிந்து இறங்கியது. மீனுக்குக் கொசுவலை விரித்தவர்கள், சோப்பு நுரையோடு ஓடும் பிள்ளைகள், எதிரில் வருபவர்களையெல்லாம் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடும் பெண்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா மஞ்சள், குங்குமம், தேங்காயோடு நின்றுகொண்டு யாரையோ தேடினார். முதல் தேங்காயை யார் உடைப்பது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் எப்போதோ மண்டை உடைந்ததாம். அதிலிருந்து வெளியூர்க்காரர்தான் உடைப்பது வழக்கம். போன தடவை உடைத்த பஸ் டிரைவர் ரூட் மாறிப் போய்விட்டார். வீட்டுக்கார அம்மாவின் பார்வை அப்பாவின் குடைமேல் விழுந்தது.

"நைனா, நீ வா!"

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று அப்பா பின்வாங்கினார். யார் விட்டார்கள்? உடைத்தார். உடைத்த கையோடு பாசியில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கலங்கலில் சறுக்கி இறங்கினார். குடையை மட்டும் விடவில்லை. நான் அலறிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்ற அப்பா, தலையைச் சிலுப்பிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. மதியம் வரை அவரை மேலே ஏற்ற முடியவில்லை.

சாயங்காலம் தலை துவட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். "அப்பா, நாங்க வரல. எனக்கு இங்கயே இருக்கணும்."

துண்டு அப்படியே நின்றது. "செரி கண்ணு. உன்ற இஷ்டம்" என்றார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "நீ பக்கத்துல இருந்தா அப்பப்பப் பாத்துக்கலாமேன்னு நெனச்சேன். வேறொண்ணுமில்ல" என்றார்.

வெயிலிலிருந்து என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! "நீங்க இங்க வந்து இருங்கப்பா" என்றேன்.

"பொண்ணு குடுத்த ஊட்டுல வந்து உக்காந்துக்கறதா? நல்லாவா இருக்கும்?"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா மீன் குழம்போடு வந்தார். "அடுத்த வருசம் எப்போ வர்ற நைனா?"

"நான் எதுக்குங்க வரோணும்?"

"இன்னா இப்டி கேக்குற? ஒடச்ச கைதான் அடுத்த வாட்டியும் ஒடைக்கணும். இருக்குற எடம் தெரிஞ்சும் வராம போனாதான் தப்பு. அந்த டிரைவரு எங்க கீறாருன்னே தெர்ல, அதனால உட்டுட்டோம். உன் பொண்ணு வூடு இங்கதான கீது?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏரி எப்பங்க வழியும்?"

"யாருக்குத் தெரியும்? ஐப்பசில வழிஞ்சாலும் வழியும், கார்த்திகைல வழிஞ்சாலும் வழியும்."

அப்பா தீவிரமாக யோசித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "அப்படின்னா புரட்டாசியிலயே வந்தர்றதுதான் செரி, மாப்பிள்ளை. ஏரி நமக்காகக் காத்துட்டிருக்குமா?" என்றார்.

"காத்திருக்காது மாமா" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

மறுவருஷம் அப்பா ஆவணியிலேயே வந்துவிட்டார். ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா குடையை ஊன்றிக் கரையில் நின்று, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.