சைலன்சரும் இரண்டாவது ஓலையும்

"அப்பா போயிட்டாங்க அத்தை" என்று மருமகள் பிரின்சி போனில் அழுதபோது, "யார் சொன்னது?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். "எந்த டாக்டர்?" என்றேன். இறந்தது நானாகவும், போனை எடுத்தது என் சம்பந்தி ஆரோக்கியசாமியாகவும் இருந்திருந்தால், அவரும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டிருப்பார்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் கார் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய தகரக் கொட்டகையில் புகைப் பரிசோதனை நிலையம் நடத்தியவர். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு சான்றிதழை நீட்டுகிற கதையெல்லாம் அவரிடம் நடக்காது. மிஷினின் குழாயைச் சைலன்சருக்குள் விடுவதற்கு முன்னால், தன் தோள் துண்டை அதன் வாயில் பிடிப்பார். துண்டில் படிந்த கரியை வண்டிக்காரரிடம் விரித்துக் காட்டுவார். "ஓனர் சொல்றத நான் கேக்குறதில்லீங்க. வண்டி சொல்றதத்தான் கேப்பேன்" என்பார். பங்குச் சாமியாரின் காரையே ஒருமுறை திருப்பி அனுப்பியவர். அந்த வாரம் சாமியாரின் பிரசங்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததாகக் கேள்வி.

நானும் இளைத்தவளில்லை. புதுக்கோட்டையில் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். உரசிப் பார்க்காமல் எதையும் வாங்கி வைத்துப் பழக்கமில்லை. இப்படி இரண்டு பேர் சம்பந்தியானால் என்ன ஆகும்? கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. என் மகன் ஜெரோமுக்கும் பிரின்சிக்கும் முதல் ஓலை வாசித்த அந்த வாரம், அவன் காரின் புகைச் சான்றிதழ் முடிந்திருந்தது. மாமனார் ஆகப்போகிறவரே நிலையம் வைத்திருக்கிறார், ஐந்து நிமிட வேலை என்று கிளம்பிப் போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

கோளாறு அவன் ஆசைப்பட்டு மாட்டிய சைலன்சரில். தடித்த, பளபளப்பான குழாய். கார் தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அதை மாட்டுவதற்காக, புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டிருந்தார்கள். அது எங்கே என்று ஆரோக்கியசாமி கேட்டதற்கு, மெக்கானிக்கிடம் இருப்பதாக ஜெரோம் சொல்லியிருக்கிறான்.

சனிக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. காபியைத் தொடவில்லை.

"சம்பந்தியம்மா, நாளைக்கு ரெண்டாவது ஓலை. தடை தெரிஞ்சவுங்க சொல்லணும்னு வாசிக்கிறாங்கள்ல? எனக்கு ஒண்ணு தெரியும். சாமியார்கிட்ட சொல்றதுக்கு முந்தி ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வேறு ஏதாவது பெண் விவகாரமோ என்று பயந்தேன். சைலன்சர் என்றதும் கோபம் வந்துவிட்டது. "ஒரு குழாய்க்காகவா கல்யாணத்தை நிறுத்துவீங்க?"

"கொழாய்க்காக இல்லீங்க. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கழட்டுன சாமான அன்னைக்கே தம்பி கையில குடுத்துட்டேங்குறான். ரெண்டு பேருல ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு தெரியாம நான் எப்படிப் புள்ளயக் குடுக்க?"

அவர் போனதும் எனக்கு வேறு சந்தேகம் முளைத்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை யாரோ வந்திருக்க வேண்டும், தட்டிக்கழிக்க இதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மகனிடம் கேட்டேன். "நாளைக்கு வண்டி பாஸாயிரும்மா, விடுங்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். இருவரையும் நம்பாமல், மறுநாள் பூசைக்கு முன்னால் நானும் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதிர்வு இல்லாமல் கார் பூனை மாதிரி போனது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கொட்டகையைத் திறந்து வைத்திருந்தார். துண்டைப் பிடித்தார், கரி இல்லை. குழாயை விட்டார், மிஷினும் குறை சொல்லவில்லை. ஜெரோம் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவரோ கோவிலுக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

"ஏந்தம்பி, அடியில பூரா நம்ம ஊரு செம்மண்ணு. சைலன்சர்ல மட்டும் கடக்கரை உப்பு அரிச்சுக் கெடக்கு. யாரோடது இது?"

மகன் இன்னொரு பொய் சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் என்ன சொல்வது?

ஜெரோம் தலையைக் குனிந்தான். "மீமிசல் கடக்கரையில பிரெண்டு ஒருத்தன் இதே வண்டி வச்சிருக்கான் மாமா. அவனோட சைலன்சரையும் கன்வெர்ட்டரையும் கழட்டி மாட்டிட்டு வந்தேன். என்னோட கன்வெர்ட்டர அன்னைக்கே வித்துட்டேன். மெக்கானிக்கிட்ட இருக்குன்னது பொய்."

ஆரோக்கியசாமி மெல்ல எழுந்தார். வேட்டியெல்லாம் எண்ணெய்க் கறை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வண்டி தேறலீங்க சம்பந்தியம்மா. மாப்பிள்ளை தேறிட்டாப்ல. வாங்க, பூசைக்கு நேரமாச்சு."

அன்று இரண்டாவது ஓலை வாசித்தார்கள். கறை வேட்டியோடு முதல் வரிசையில் நின்றார். கன்வெர்ட்டரும் சரியான சைலன்சரும் வாங்கி மாட்டும்வரை சான்றிதழ் தரவில்லை. அதனால் என் மகன் கல்யாணத்தன்று கோவிலிலிருந்து மண்டபத்துக்கு வாடகைக் காரில்தான் போனான்.

எனக்கும் சந்தேகம் வரும். மனசுக்குள் வைத்துப் பூட்டி, ஆளைப் பார்த்துச் சிரிப்பேன். வெளிநாட்டு மாப்பிள்ளைக் கதையைக்கூட அவரிடம் நான் கேட்டதில்லை. அவருக்கு அது ஆகாது. சந்தேகம் வந்தால் அதைச் சுமந்துகொண்டு சம்பந்தப்பட்டவர் வாசலுக்கே வந்துவிடுவார். பதில் கிடைத்துவிட்டால், அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே மாட்டார். இத்தனை வருஷத்தில் ஜெரோமிடம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பந்தலில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்மேல அவருக்கு அவ்வளவு பிரியம். என் வண்டியப் பாக்காமலே எழுதிக் குடுத்துருவாரு" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பழைய நானாக இருந்தால் நானும் ஆட்டியிருப்பேன். எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"எந்த வண்டிங்க? எப்ப எழுதிக் குடுத்தாரு?"

அவர் விழித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலி காலியாக இருந்தது.

சம்பந்தியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான், ஆளுக்கு நேரே போய்க் கேட்கிற தைரியத்தோடு. இனி என் மனசுக்குள் எதையும் பூட்டி வைக்கப் போவதில்லை. சம்பந்தி, உங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் பாக்கி இல்லை.