கறுப்பு மை தடவிய கார்டு

உனக்குக் கதை எழுத வரவில்லை, வளவளவென்று இழுக்கிறாய் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த ஆத்திரத்தில் எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். முப்பது நாள், முப்பது தபால் கார்டு. ஒரு கார்டுக்குள் ஒரு கதை, யாரோ யாருக்கோ எழுதும் கடிதமாக. ஆள் பெயர் கூடாது, ஊர் பெயர் கூடாது. எழுதியதும் என் விலாசத்துக்கே தபாலில் போட்டுவிட வேண்டும். கையில் இருந்தால் திருத்தியே கெடுத்துவிடுவேன்.

மயிலாப்பூரில் இரண்டாம் மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். தம்பி பம்பாயில் லாட்ஜில் தங்கி வேலை பார்த்தான். தபால் பெட்டி கீழே, மாடிப்படியடியில். அம்மாவுக்கு முழங்கால் வலி, இறங்கமாட்டாள். தி.நகரில் வேலை முடிந்து வரும்போது நான்தான் எடுப்பேன். பதினெட்டு கார்டு அப்படித்தான் வந்தது.

பத்தொன்பதாவது ஒரு சாவுக் கடிதம். இறந்தவனுடைய அறைத்தோழன் அவன் அக்காவுக்கு எழுதுவதுபோல். சாவுச் செய்தி என்றால் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். நானும் தடவினேன். என் தம்பி ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்திருக்கிறது. அம்மா தலைமுழுகிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தபால்காரர்.

"மை தடவுன கார்டும்மா. பொட்டில போட்டுட்டுப் போவ மன்சு வர்ல. மேல வந்து குட்தேன். கண்ணு தெர்லன்னு அம்மா படிக்கச் சொன்னாங்க."

"உன் தம்பிடி" என்றாள் அம்மா. "போயிட்டான்டி."

"அம்மா, அது கதைம்மா. நான்தான் எழுதினேன்."

"கதையா?" தபால்காரர் எழுந்துவிட்டார். "இன்னாம்மா, சாவுல இன்னா கதை?"

அம்மா நம்பவில்லை. "என்னைத் தேத்தப் பொய் சொல்றா."

"கார்டு எங்க? என் கையெழுத்தை அவர்கிட்டயே காட்டறேன்."

"கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன். சாவுக் கடுதாசிய வீட்ல வெச்சுப்பாங்களா?"

அப்போது என் புத்தி போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐயோ, நகல் எடுக்கவில்லையே என்று நினைத்தேன். பெற்றவள் ஈரத் தலையோடு கதறுகிறாள். நான் அந்தக் கார்டில் இருந்த வரிகளை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். தூ.

அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து லாட்ஜுக்குப் போன் போட்டேன். தம்பியைக் கூப்பிட்டு வர ஆள் போய் எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

"அலோ, அக்காவா? என்ன விஷயம்?"

ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அவன் குரலைக் கேட்டாள். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிட்டாள்.

திரும்பும் வழியில் அம்மாதான் பேசினாள்.

"'அவர் துவைத்துப் போட்ட சட்டை இன்னும் கொடியில் இருக்கிறது. எடுக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.' இப்படித்தானே எழுதியிருந்த?"

ஒரு எழுத்து மாறவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டே போனவள் நான்.

"ஆமாம்மா."

"அவன் பேசிட்டான். நல்லா இருக்கான். ஆனா அந்தச் சட்டை இன்னும் கண்ணுக்குள்ளயே தொங்குது. அதை எடுடி."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அம்மா எனக்காக நிற்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்துபோனாள்.