நடத்துநர் காத்திருந்த வரிகள்

நாகல் நகரில் பேருந்து விசில் கேட்டால் இப்போதும் செல்வி நினைவுக்கு வருகிறாள்.

தொண்ணூறுகளில் நான் அங்குள்ள பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழாசிரியை. தினமும் ஒரு பாடத்தை முழுதாக எழுதி வரச் சொல்வேன். கோணல் எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மறுபடி எழுத வைப்பேன். சாணார்பட்டியிலிருந்து வந்த செல்வியின் நோட்டில்தான் வட்டங்கள் அதிகம்.

ஒருநாள் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்குத் திரும்ப, காலையில் சாணார்பட்டிப் பேருந்தில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் செல்வி, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்தும் நடத்துநர் விசில் ஊதவில்லை.

“அண்ணே, செத்த நேரம் பொறுங்க. பாப்பா அந்த வரிய முடிச்சுக்கிறட்டும்” என்று ஓட்டுநரிடம் சொன்னார். பிறகு என்னிடம், “கணக்கும் இங்கிலீசும் முடிக்கவே வீட்ல நேரம் சரியாப் போயிருதாம். எந்த டீச்சரோ, சின்னப்புள்ளைக்கு இம்புட்டு எழுதக் குடுக்குது” என்றார்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். “இந்தா முடிச்சிருவேன் டீச்சர்” என்றாள்.

நடத்துநர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

அன்று அவள் நோட்டைத் திறந்து, பழைய பக்கங்களையும் புரட்டினேன். பேருந்து ஓடும்போது எழுதியவை கோணலாகவும், நடத்துநர் காத்திருந்த வரிகள் நேராகவும் இருந்தன. அந்த நேரான வரிகள் எல்லா நாளும் அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் ஒருநாளும் அவற்றைப் படித்ததில்லை.